ஜெர்மன் வகுப்பில் அரங்கப் பயிற்சி: பி2 தேர்வுக்குப் படிக்கும் செவிலியர்களுக்குப் பயன்படுமா?

கேள்வி: கோவை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். ஜெர்மனிக்குப் பணிக்குச் செல்லவிருக்கும் செவிலியர்களுக்கு, பி2 எனப்படும் உயர் இடைநிலை மொழித் தேர்வுக்காக நான் ஜெர்மன் கற்பிக்கிறேன். இலக்கணப் பயிற்சித்தாளைக் கொடுத்தால் பிழையின்றி நிரப்பிவிடுகிறார்கள். ஆனால் நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு நோயாளி சொன்னால் அவரிடம் என்ன கேட்பீர்கள் என்று வினவினால், வகுப்பே வாயடைத்துப் போகிறது. நோயாளியாகவும் செவிலியராகவும் இருவரை நடிக்கச் சொன்னால், உரையாடலை முதலிலேயே எழுதி மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிறார்கள்; ஒருவர் தம் வரியை மறந்தால் மற்றவரும் நின்றுவிடுகிறார். ஆண்டு விழா நாடகம் போடும் எண்ணம் எனக்கு இல்லை. தேர்வு நெருங்கும் வேளையில் அரங்கப் பயிற்சிகளுக்கு வகுப்பு நேரத்தை ஒதுக்குவது தகுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: அரங்கப் பயிற்றுநர்

தாராளமாக ஒதுக்கலாம், அம்மா. மொழி வகுப்புக்குள் நாடகம் வந்தது நேற்று இன்றல்ல. 1650களில் ஹங்கேரியின் ஷாரோஷ்பதக் நகரில் பணியாற்றிய கல்வியாளர் கொமேனியுஸ், தம்முடைய லத்தீன் பாடநூலையே காட்சிகளாக மாற்றி மாணவர்களை நடிக்க வைத்தார். ஆனால் உங்களுக்கு வேண்டியது அரங்கேற்றம் அல்ல, ஒத்திகை. ஒரே காட்சியைச் சலிப்பில்லாமல் பலமுறை பேச வைப்பதற்கு ஒத்திகையைவிட இயல்பான வழி எனக்குத் தெரிந்தவரை இல்லை.

எழுதி வைத்த உரையாடலை முதலில் அப்புறப்படுத்துங்கள். சூழலை மட்டும் சொல்லிக் காட்சியைத் தொடங்குங்கள். முதல் முறை ஒத்துழைக்கும் நோயாளி, அடுத்த முறை ஊசிக்குப் பயப்படுபவர், அதற்கடுத்த முறை காது மந்தமானவர் என்று நிலைமையை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள். செவிலியர் கேட்க வேண்டிய கேள்விகள் ஏறக்குறைய அவையே என்றாலும், ஒவ்வொரு முறையும் எதிரில் இருப்பவரைக் கவனித்துத்தான் அவற்றைக் கேட்டாக வேண்டும் என்பதால் ஒப்பிக்க வழியில்லாமல் போகிறது.

பேசத் தயங்குபவர்களுக்கு, அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் உருவாக்கிய முறை உதவும்: ஆசிரியர் கட்டளையிடுவார், மாணவர் வாய் திறக்காமல் உடலால் செய்து காட்டுவார். ஜெர்மனில் பல வினைச்சொற்கள் இரண்டாகப் பிரிந்து, ஒரு துண்டு வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும் அல்லவா? "ஷ்டேஹென் ஸீ பிட்டெ அவுஃப்" என்று எழுந்திருக்கச் சொல்லும்போது, கடைசியில் வரும் "அவுஃப்" காதில் விழும்வரை நோயாளியாக இருப்பவர் நாற்காலியைவிட்டு அசையக் கூடாது என்று விதி வையுங்கள். கட்டளையிடும் பொறுப்பு மாணவர்கள் கைக்கு மாறியதும், அந்தத் துண்டை மறந்தவர் முன்னால் நோயாளி உட்கார்ந்தபடியே இருப்பார். பிழையை நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டிய தேவையே இராது.

பதில் 2: மொழிப் பயிற்சி மைய ஆசிரியர்

மேலே சொன்னவற்றை நான் மறுக்கவில்லை; ஆனால் இரண்டு தடைகளைச் சொல்லியாக வேண்டும். ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனத்தின் பி2 பேச்சுத் தேர்வில் நோயாளிக் காட்சி எதுவும் வராது. ஒரு சிற்றுரையும், உடன் எழுதுபவரோடு ஒரு விவாதமும்தான் அங்கே உண்டு. அடுத்து, முப்பது பேர் உள்ள வகுப்பில் துணிச்சலான நான்கு பேர் நடிப்பார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கூச்சமுள்ள பெண்ணை எல்லார் முன்னிலையிலும் நிறுத்தினால், அவர் இருக்கும் ஜெர்மனையும் மறந்துவிடுவார்.

பதில் 3: ஸ்டுட்கார்ட் அருகே பணிபுரியும் செவிலியர்

பி2 முடித்துவிட்டு இங்கே வந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நோயாளியைத் தொடுவதற்கு முன் என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று இங்கே எதிர்பார்க்கிறார்கள். உங்கள் வலது கையைத் தூக்குகிறேன், இப்போது இடப்பக்கம் திரும்புங்கள், சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும் என்று கையும் வாயும் ஒருசேர இயங்க வேண்டியிருக்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே ஜெர்மன் படித்தவர்களுக்கு முதல் சில வாரங்களில் கை வேலை செய்யும், வாய் நின்றுவிடும். ஆகவே வகுப்பில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டிலாக்கி, செய்துகொண்டே பேசப் பழக்குங்கள்.

தொலைபேசி இன்னொரு பெரிய சோதனை. முகம் தெரியாததால் பாதி பொருள் போய்விடும். இருவரை முதுகோடு முதுகாக உட்கார வைத்து, ஒருவர் மருத்துவராகவும் மற்றவர் இரவுப்பணிச் செவிலியராகவும் பேசட்டும்; மருத்துவர் சொன்ன மருந்தின் அளவைச் செவிலியர் திருப்பிச் சொல்லி உறுதிசெய்த பிறகே அழைப்பு முடிய வேண்டும். இங்குள்ள முதியவர்கள் பேசும் ஸ்வாபிய வட்டார வழக்கு பாடநூல் ஜெர்மன்போல் இருக்காது என்பதால், புரியாதபோது தயங்காமல் மீண்டும் கேட்கும் வாக்கியங்களும் அந்தப் பயிற்சியிலேயே நாவில் படிந்துவிடும். நோயாளிக் குறிப்பேடு எழுதுவதற்கு மட்டும் நாடகம் உதவாது; அதற்குத் தனியே எழுத்துப் பயிற்சி வேண்டும்.

கோவை ஆசிரியை

மிக்க நன்றி. கட்டில் பயிற்சியையும் முதுகுப் பயிற்சியையும் இந்த வாரமே தொடங்குகிறேன். பெரிய வகுப்பைப் பற்றி ஐயா எழுப்பிய தடைக்கும், நடிக்கும்போது வரும் பிழைகளை எப்போது திருத்துவது என்பதற்கும் வழி சொல்ல முடியுமா?

அரங்கப் பயிற்றுநர்

எல்லார் முன்னிலையிலும் நடிக்க வேண்டும் என்ற கட்டாயமே தேவையில்லை. முப்பது பேரைப் பதினைந்து இணைகளாக்கி எல்லாரையும் ஒரே நேரத்தில் பேசவிட்டால் பார்வையாளர் என்று எவரும் இருக்க மாட்டார்கள். கூச்சமும் பெருமளவு குறையும். இரைச்சலாகத்தான் இருக்கும், மருத்துவமனையிலும் அப்படித்தானே இருக்கும்.

எல்லாரும் பார்க்கும் காட்சி வேண்டும் என்றால், பிரேசில் நாட்டு அரங்கவியலாளர் அகஸ்டோ போவால் வகுத்த முறையைக் கையாளுங்கள். 1973இல் பெரு நாட்டு எழுத்தறிவு இயக்கத்தில் பணியாற்றியவர் அவர். காத்திருந்து கோபமடைந்த ஒரு நோயாளியின் மகன் செவிலியரிடம் சத்தம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். செவிலியர் திணறும்போது பார்வையாளரில் எவரும் "நிறுத்துங்கள்" என்று சொல்லி, எழுந்து வந்து அவர் இடத்தில் நின்று, தம் வாக்கியத்தால் நிலைமையைச் சமாளித்துப் பார்க்கலாம். அடுத்தவர் வேறொரு வாக்கியத்தோடு வருவார். எதிராளி சொன்னதைப் பிடித்துக்கொண்டு மறுமொழி சொல்லும் இந்தப் பழக்கம்தான் பி2 விவாதத்துக்கும் வேண்டியிருக்கிறது.

திருத்தத்தைப் பொறுத்தவரை, காட்சி நடக்கும்போது குறுக்கிடாதீர்கள். குறித்துக்கொண்டு, முடிந்தபின் பொருளைக் கெடுத்த இரண்டு மூன்று பிழைகளை மட்டும் கரும்பலகையில் எழுதித் திருத்துங்கள். உடனே அதே காட்சியை மறுபடி நடத்துங்கள். அந்த மறுமுறையை நேரமில்லை என்று விட்டுவிட்டால் திருத்தம் கரும்பலகையோடு நின்றுவிடும், ஆகவே காட்சிகளின் எண்ணிக்கையைக் குறைத்தாவது அதற்கு இடம் வையுங்கள்.