ட்ரூப்பி என்ற கார்ட்டூன் நாயை நீங்கள் முதலில் எங்கே பார்த்தீர்கள்?

நெல்லைக்காரன்:
1997இல் எங்கள் தெருவில் இரண்டே வீட்டில்தான் கேபிள் இருந்தது. அதில் ஒன்று பெரியப்பா வீடு. பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு அங்கே ஓடிவிடுவோம். போவது டாம் அண்ட் ஜெர்ரிக்காக. ஒருநாள் அதற்கு நடுவில் வேறொரு படம் வந்தது. கன்னம் தொங்கி, கண் பாதி மூடி, முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு நாய் திரை நடுவில் வந்து நின்று எங்களைப் பார்த்து ஏதோ முனகியது. "யூ நோ வாட்? ஐம் தி ஹீரோ" என்று அது சொன்னது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தெரியாது. சிறையிலிருந்து தப்பிய ஓநாய் ரயில், கப்பல், விமானம், குதிரை என்று மாறி மாறி ஏறிப் பனிப்பிரதேசத்துக் குடிசை ஒன்றுக்குள் போய் ஒளிகிறது. அங்கேயும் அந்த நாய். ஆச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க போனாலும் முன்னால வந்துல்லா நிக்கு!" என்றாள். அன்றிலிருந்து ட்ரூப்பிக்கு எங்கள் வீட்டில் பெயர் தூங்குமூஞ்சி. சாயங்காலம் ஆனால் "தூங்குமூஞ்சி வந்துட்டானால?" என்று அவளே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

நாங்கள் பார்த்தது 'டம்ப் ஹவுண்டட்' என்ற படம். ட்ரூப்பி தோன்றிய முதல் படமும் அதுதான். எம்.ஜி.எம். ஸ்டுடியோவுக்காக டெக்ஸ் அவெரி இயக்கி, 1943 மார்ச் 20இல் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது. அதில் நாய்க்குப் பெயரே கிடையாது. திரையில் ட்ரூப்பி என்ற பெயர் வந்தது 1949இல், காளைச் சண்டைக் கதையான 'செனோர் ட்ரூப்பி'யில். அவ்வளவு பழைய படம் எங்கள் தெருவரைக்கும் எப்படி வந்தது என்று பிறகு தேடிப் பார்த்தேன். எம்.ஜி.எம். படக் களஞ்சியத்தை 1986இல் அமெரிக்கத் தொலைக்காட்சி முதலாளி டெட் டர்னர் வாங்கியிருக்கிறார். நாங்கள் பார்த்த கார்ட்டூன் நெட்வொர்க் சேனல் அவருடைய நிறுவனம் தொடங்கியதுதான்.

உங்கள் வீட்டில் யார், எப்போது, எந்தப் படத்தில் பார்த்தீர்கள்? எழுதுங்கள்.

கோட்டோவியன்:
அண்ணா, ஆச்சி சொன்ன அந்த ஒரு வரியை எனக்குப் புரியவைக்க எங்கள் வாத்தியாருக்கு ஒரு மாதம் ஆயிற்று.

நான் சென்னையில் அனிமேஷன் படித்தேன். கையால் வரைகிற பாடத்தில் ஒரு இரவுக் காவலரை நடக்கவிட்டு, நின்று திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். நான் தோளை ஆட்டினேன், தொப்பியை ஆட்டினேன், மீசையைக்கூட விடவில்லை. வாத்தியார் பார்த்துவிட்டு, "இவரை ஒண்ணும் செய்யாம நிக்க வைம்மா" என்று சொல்லி, அவெரியின் 'நார்த்வெஸ்ட் ஹவுண்டட் போலீஸ்' (1946) படத்தை ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேம்) நகர்த்திப் பார்க்கச் சொன்னார். ஒரு விநாடிக்கு 24 சட்டம். ஓநாய் அதிரும் இடங்களில் கண் பிதுங்கி வெளியே வருகிறது, தாடை தரையைத் தொடுகிறது, உடம்பே துண்டு துண்டாகச் சிதறிச் சேர்கிறது. அதற்கு எதிரில் நிற்கிற ட்ரூப்பிக்கு வாய் மட்டும் அசைகிறது. சில இடங்களில் இமை மட்டும்.

இதை வரைவது எவ்வளவு கஷ்டம் என்று வரைந்தவர்களுக்குத் தெரியும். ஒரே படத்தை அப்படியே நிறுத்தி வைத்தால் சில விநாடிகளில் உயிர் போய் வெறும் தாளாகிவிடும். எங்கே ஒரு இமைத் துடிப்பு வைப்பது, எவ்வளவு நேரம் சும்மா விடுவது என்பதில்தான் ட்ரூப்பி உயிரோடு இருக்கிறான். இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. அவன் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போவதைப் பெரும்பாலும் அவெரி காட்டுவதே இல்லை. கதவைத் திறந்தால் நிற்கிறான், அவ்வளவுதான். வழியைக் காட்டியிருந்தால் அவன் வேகமான நாயாகிவிடுவான். காட்டாததால் எங்கும் இருக்கிறவனாகிவிட்டான்.

குரலும் அப்படித்தான், ஏற்ற இறக்கமே கிடையாது. பில் தாம்ப்சன் என்ற நடிகர் வானொலித் தொடர் ஒன்றில் பேசிவந்த, மனைவிக்குப் பயந்த ஒரு சாது மனிதரின் குரல் அது. டிஸ்னியின் 'பீட்டர் பேன்' படத்தில் கடற்கொள்ளைக் கப்பலில் வருகிற ஸ்மீ என்ற ஆளுக்குக் குரல் கொடுத்தவரும் அவர்தான். அடுத்தமுறை கேட்டுப் பாருங்கள், ஒற்றுமை தெரியும்.

என் காவலர் கடைசியில் ஒரே ஒருமுறை கண் சிமிட்டினார். வாத்தியார் சரி என்றார்.

ரொறொன்ரோ அம்மா:
தங்கச்சி சொன்ன அதே படத்தைத்தான் நானும் சொல்ல வந்தனான். அதில ட்ரூப்பி கனடாப் பொலிஸ்காரன், சிவப்புச் சட்டை, அகலத் தொப்பி. 2020இல எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த நேரம், ஆறு வயசு மகனோட இருந்து பாத்தம். ஊர்வலத்தில பாத்த அதே உடுப்பு எண்டபடியால் அவன் உடனே எழும்பி நிண்டு சல்யூட் அடிச்சான்.

ஓநாய் பறவைக் கூட்டுக்குள்ள பாக்குது, குஞ்சுக்கு ட்ரூப்பியின்ர முகம். தியேட்டருக்குள்ள ஓடிப்போய் இருந்தால் திரையிலயும் ட்ரூப்பி. முகத்தை மாத்த டொக்டரிட்டப் போனால் அவர் குடுத்த புது முகமும் அதுதான். கடைசியில சிறைக்குள்ள இருந்துகொண்டு, ஒருவேளை இவன் ஒருத்தன் இல்லையோ எண்டு யோசிக்க, வெளியில நூற்றுக்கணக்கில ட்ரூப்பி நிக்கினம். மகன் சிரிக்கேல்ல. "அப்ப அவங்கள் எல்லாரும் சகோதரங்களா அம்மா?" எண்டு கேட்டான். நாங்கள் வீட்டில எட்டுப் பிள்ளையள், இப்ப நாலு நாட்டில இருக்கிறம். ஓம் ராசா எண்டு சொல்லிப்போட்டன்.

பழைய வீடியோ கடை:
நான் பார்த்தது 'ஹூ ஃபிரேம்ட் ரோஜர் ராபிட்' (1988) படத்தில், லிஃப்ட் இயக்குபவனாக. சில விநாடிதான். அதில் அவனுக்குக் குரல் கொடுத்தவர் அந்தப் படத்தின் அனிமேஷன் இயக்குநர் ரிச்சர்ட் வில்லியம்ஸ். கேசட்டை அந்த இடத்துக்கு எத்தனை முறை திருப்பியிருப்பேன் என்று கணக்கில்லை.

தவில்வீட்டுப் பேரன்:
எனக்கு 'டிக்ஸிலேண்ட் ட்ரூப்பி' (1954). குப்பைமேட்டில் வசிக்கிற ஒரு நாய்க்கு டிக்ஸிலேண்ட் ஜாஸ் என்ற பழைய அமெரிக்க வாத்திய இசை என்றால் உயிர். கையில் ஒரே ஓர் இசைத்தட்டு. அதைப் போட ஓர் இடம் தேடி அலைகிறான், போகிற இடமெல்லாம் துரத்துகிறார்கள். பிறகு ஒரு தெள்ளுப்பூச்சி வாத்தியக்குழு அவன் ரோமத்துக்குள் குடியேற, உடம்பிலிருந்தே பாட்டு வருகிறது. ஹாலிவுட் பவுல் அரங்கம் வரை போய்விடுகிறான்.

எங்கள் தாத்தாவிடம் நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராக இசைத்தட்டு இருந்தது. கிராமபோன் கிடையாது. தட்டைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கிராமபோன் இருக்கிற வீட்டு வாசலில் போய் நிற்பாராம். சில வீட்டில் உள்ளே கூப்பிடுவார்கள், சில வீட்டில் நாளைக்கு வா என்பார்கள். அப்பா இதைச் சொல்லிச் சொல்லி நான் வளர்ந்தேன். அந்த நாய் தட்டோடு தெருவில் நடக்கிற இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் நின்றபடியே முழுப்படமும் பார்த்தார்.

நெல்லைக்காரன்:
எல்லோர் எழுதியதையும் படித்துவிட்டு நேற்று ராத்திரி 'டம்ப் ஹவுண்டட்' மறுபடி பார்த்தேன். கோட்டோவியன் தங்கச்சி, உன் கண்ணோடு பார்த்தேன் என்றே சொல்ல வேண்டும். கடைசியில் ஓநாயைப் பிடித்துக் கொடுத்ததற்குக் கட்டுக்கட்டாகப் பணம் கிடைக்கிறது. படம் முழுக்க அசையாமல் நின்றவன் அந்த ஓர் இடத்தில் மட்டும் எகிறிக் குதித்து, கூச்சல் போட்டு, அறை முழுக்க ஆடித் தீர்க்கிறான். உடனே பழைய முகத்தோடு வந்து நின்று, தான் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்கிறான்.

அந்தக் குதிப்பு வந்தபோது ஆச்சி கீரைச் சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள். உருவிய இலையெல்லாம் தரையில் சிந்திக் கிடந்தது.