பால் மறந்த பன்றிக்குட்டிக்குக் கழிச்சல்: தவிடு, சோயாச் சக்கை எவ்வளவு போடலாம்?

தாப்பா_கொட்டகை:
வணக்கம். எங்க பண்ணையில 28 நாளில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கிறோம். நாலஞ்சு நாள் கழித்து மஞ்சளாகத் தண்ணிக் கழிச்சல் தொடங்கிடுது. மருந்தைக் குறைக்கணும்னு தவுக்கே (முதலாளி) சொல்றார். பக்கத்தில் தோஃபு (சோயாப் பால்கட்டி) செய்கிற இடத்திலிருந்து தினமும் சோயாச் சக்கை கிடைக்கும். செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கு மலிவு. கோதுமைத் தவிடும் இருக்கு. இதுல எதைப் போடலாம், எவ்வளவு?

தீவனம்_பீடோர்:
முதல்ல கோதுமைத் தவிடு, அதுவும் கொரகொரப்பானது. 100 கிலோ தீவனத்தில் 4 கிலோ மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு 4 கிலோ தவிடு சேருங்க. குறைகிற சத்துக்கு அரை கிலோ செம்பனை எண்ணெய் போதும், தூசியும் அடங்கும். மாவாக அரைத்த தவிட்டில் பலன் குறைவு. ஈ.கோலை கிருமி சிறுகுடல் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் கழிச்சலை உண்டாக்குது. கரையாத கரட்டு நார் உணவைச் சீக்கிரம் நகர்த்துவதால் கிருமிக்குத் தங்கிப் பெருக நேரம் கிடைப்பதில்லை.

பெருங்குடலுக்குள் போகும் நாரைப் புளிக்கவைத்து, அங்கிருக்கும் நல்ல கிருமிகள் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. குடல் செல்களுக்கு அதுதான் எரிபொருள். செரிக்காத புரதம் அங்கே போய்ச் சேர்ந்தால் அம்மோனியாதான் வரும், சாணமும் நெகிழும். அதனால் தீவனத்தில் புரதத்தை 18% பக்கம் நிறுத்தி, லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தனியாகச் சேர்ப்பதும் தவிடு அளவுக்கு முக்கியம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூனில் குட்டிகளின் கழிச்சலைத் தடுக்கப் போட்டுவந்த மருந்தளவு சிங்க் ஆக்சைடை (துத்தநாக உப்பு) நிறுத்தியபிறகு நாரின்மேல் கவனம் இன்னும் கூடியது. ஆனால் எல்லா நாரும் ஒன்றில்லை. கொழகொழவென்று கரையும் நார் முதல் இரண்டு வாரத்தில் கெடுதலே செய்யலாம்.

சக்கை_விவரம்:
சோயாச் சக்கையில் கவனம் வேணும் தம்பி. தோஃபு செய்கிறவர்கள் பலர் பச்சை மாவைப் பிழிந்த பிறகுதான் பாலைக் காய்ச்சுவார்கள். அப்படி வரும் சக்கை வேகாதது. புரதச் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான் அதில் அப்படியே இருக்கும், குட்டிக்குக் கழிச்சல் இன்னும் கூடும். எந்த முறையில் செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்க. பச்சை என்றால் அரைமணி நேரம் கிளறிக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, பிழிந்து கொடுங்க.

அடுத்தது ஈரம். சக்கையில் முக்கால் பாகத்துக்குமேல் தண்ணி. 10 கிலோ ஈரச் சக்கை என்றால் காய்ந்த பொருள் 2 கிலோ சுமார்தான். 100 கிலோ தீவனத்துக்கு ஈரச் சக்கை 10 கிலோவைத் தாண்ட வேண்டாம். அன்றைக்கு வந்ததை அன்றைக்கே முடிக்கணும். நம்ம வெயிலில் மறுநாளே புளித்துப் போகும். தொட்டியின் மூலையில் பிசுபிசுவென்று ஒட்டியிருப்பதைச் சுரண்டிக் கழுவாமல் புதுச் சக்கையைக் கொட்டினால் அதுவும் கெட்டுவிடும்.

சக்கை கொண்டுவரும் வாளியில் சாப்பாட்டுக்கடை மிச்சம் கலக்கவே கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021 பிப்ரவரியில் மலேசியாவின் சபா மாநிலத்தில் உறுதியானது. பன்றி இறைச்சி மிச்சத்தில் அந்த வைரஸ் பிழைத்திருக்கும்.

தாப்பா_கொட்டகை:
நன்றிண்ணே. பிண்ணாக்கு?

தீவனம்_பீடோர்:
குட்டிக்கு வேண்டாம். நார் அதிகம், ஓட்டுத் துகள் உறுத்தும், லைசின் குறைவு. 30 கிலோ எடை தாண்டிய பன்றிக்கு 5% தொடங்கிப் பாருங்க.

தவிட்டை 1%, 2% என்று நாலஞ்சு நாளில் ஏற்றுங்க. ஒரு கூண்டில் மட்டும் முதலில் தொடங்கி, பக்கத்துக் கூண்டோடு காலையில் சாணத்தை ஒப்பிடுங்க. தீனி அப்படியே மிஞ்சினால் பழைய அளவுக்கு இறங்குங்க. தவிட்டு மூட்டைக்குள் கைவிட்டுப் பாருங்க, சூடாகவோ கட்டியாகவோ இருந்தால் பூஞ்சை, அதைத் தொடாதீங்க. தண்ணி நிப்பிளில் நிமிடத்துக்கு அரை லிட்டராவது வரணும், கூண்டு 28 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. இவை சரியில்லாமல் தவிடு மட்டும் கழிச்சலை நிறுத்தாது.

கண் இமை வீங்கிக் குட்டி தள்ளாடினால் தீவனத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்காதீங்க. அது ஈ.கோலை வீக்க நோயாக இருக்கலாம், உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க.