மறு: 'செமான்டிக் டேக்' – பொருட்குறி?

வணக்கம். 'செமான்டிக் டேக்' என்பதற்குத் தமிழில் 'பொருட்குறி' என்று நான் சொன்ன பெயருக்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> 'சொற்பொருட் குறிச்சொல்' போதுமே, புதிதாக எதற்கு ஒரு சொல்?

போதாது அண்ணா. குறிச்சொல் என்பது வெறும் டேக், ஒரு பக்கத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க அதன்மேல் ஒட்டும் சொல். வலைப்பூக் காலத்திலிருந்து புழங்குகிறது, அதை யாரும் தொடவேண்டாம். நாம் பெயர் தேடுவது அதற்கு அடுத்த படியில் இருப்பதற்கு. அங்கே குறிக்கப்படுவது சொல்லே இல்லை, அந்தச் சொல் சுட்டும் பொருள். அப்படிப்பட்டதன் பெயரில் 'சொல்' இரண்டு முறை வந்தால் எப்படி?

நம் குழுவின் பொதுப் புத்தகக்குறிப் பட்டியலையே பாருங்கள். முருங்கைக்கீரை பற்றி நான் சேர்த்தவை 'முருங்கை'யின் கீழ் கிடக்கின்றன. ரோஸ்ஹில் அக்கா தன் மொரீசியஸ் கிரியோல் சமையல் பக்கங்களை 'பிரேட் மூரூம்' என்று போட்டிருக்கிறார் (பிரேட் என்றால் கீரை, மூரூம் நம் முருங்கைதான், கப்பலேறி வந்து வாய் மாறிப் போனது). பிரெஞ்சுக் கட்டுரைகளுக்கு யாரோ 'மொரிங்கா' என்று போட்டிருக்கிறார்கள், அதுவும் நம் பக்கத்துப் பேரப்பிள்ளை. ஒரே மரம், மூன்று மூலை, ஒருவர் சேர்த்தது மற்றவர் கண்ணில் படுவதே இல்லை. 2003இல் டெலிசியஸ் என்ற புத்தகக்குறித் தளம் வந்த நாளிலிருந்து இதே கதை. வாயில் வந்த சொல்லைப் போடு என்றார்கள், அதுதான் அதன் சுகம், வினையும் அதுதான். அந்தக் காலத்தில் அதிலே இடைவெளி விட்டால் குறி உடைந்துவிடும். 'முருங்கைக் கீரை' என்று தட்டினால் கீரை தனியாகப் போய், 'முருங்கைக்' அனாதையாக ஒரு 'க்'கோடு நிற்கும்.

காவடி இதற்கு நேர் எதிர். இங்கே மொரீசியசில் காவடி என்றால் திருவிழாவே அதுதான், அரசு விடுமுறைப் பட்டியலிலும் தைப்பூசக் காவடி என்றுதான் இருக்கிறது. தமிழ்நாட்டுக்காரர் அதே குறிச்சொல்லைப் போட்டால் தோளில் சுமப்பதைச் சொல்கிறார்.

லிங்க்டு டேட்டா (இப்போதைக்குத் தொடுப்புத் தரவு என்கிறேன், இணைதரவு என்றும் சொல்லலாம்) இந்த இரண்டு சிக்கலையும் ஒரே முடிச்சில் அவிழ்க்கிறது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2006இல் இதற்கு எழுதி வைத்த விதிகளில் முதலில் வருவது, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி கொடு என்பது. 2012இல் வந்த விக்கித்தரவு என்ற பொதுத் தரவுத்தளத்தில் நம் தீவுக்கு எண் கியூ1027. அந்த எண்ணுக்கு மொழி கிடையாது. அதன் கீழே மொழிக்கு ஒரு முதன்மைப் பெயர், மாற்றுப் பெயர் எத்தனை வேண்டுமானாலும். நாம் காவடி என்று தட்டும்போது விழாவா, சுமப்பதா என்று கேட்டு, தேர்ந்ததன் முகவரியைச் சேமித்துக்கொண்டு, பார்ப்பவருக்கு அவரவர் மொழியில் பெயர் காட்டினால் வேலை முடிந்தது. ஒரு பொருளின் பெயர்களையெல்லாம் ஒரே சூத்திரத்தில் கட்டிவைத்த நிகண்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருந்திருக்காது.

ஆகவே பொருட்குறி. பொருள் என்றால் நமக்கு அர்த்தமும்தான், சாமானும்தான். இங்கே இரண்டும் வேண்டும்.

> பொருட்குறி என்றால் கடையில் ஒட்டும் விலைச்சீட்டு மாதிரி இருக்கிறது.

இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நேற்று அக்காள் மகனிடம் சொன்னபோது "எத்திகெத்தா மாமா?" என்றுதான் கேட்டான் (ஒட்டும் சீட்டுக்குக் கிரியோலில் எத்திகெத்). எத்திகெத்தான்டா, ஆனால் பேருக்கு ஒட்டுகிறதில்லை, சாமானுக்கே ஒட்டுகிறது என்றேன். விளங்கிவிட்டது. 'இணைதரவுக் குறிச்சொல்' என்று ஆரம்பித்திருந்தால் பாதியில் ஓடியிருப்பான்.

அப்புறம், பொருட்குறியா பொருள்குறியா? எனக்கு முதலாவது. பிள்ளைகள் 'பொருள்' என்று தேடினால் இந்த 'ட்' மறைத்துவிடும் என்று அக்கா கவலைப்படுவது நியாயம்தான், இரண்டாவதை மாற்றுப் பெயராகப் போட்டுவைத்தால் சரி. தொடுப்புத் தரவா, இணைதரவா என்பதை அடுத்த மடலில் வைத்துக்கொள்வோம், இன்றைக்கு ஒரு சண்டை போதும்.