லைட்டான மர வில் ஒண்ணு வாங்கணும், இழுக்குற வெயிட் எத்தனை பவுண்ட் எடுக்கலாம்?

குறிதவறி:
வணக்கம் மக்களே. ரொம்ப நாள் ஆசை இது. வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் எடம் இருக்கு, லீவு நாள்ல ஒரு மணி நேரம் நின்னு அம்பு விட்டுட்டு வரணும், அவ்ளோதான். போட்டிக்குப் போற ஐடியாவும் இல்ல, வேட்டையும் இல்ல. கப்பி வச்ச காம்பவுண்ட், சைட்டு, ஆன்டெனா மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குற ஸ்டெபிலைசர் எதுவும் வேணாம், கையில எடுத்தா மரம்னு தெரியணும், பாத்தா வில்லுன்னு தோணணும். நீளமா நேரா இருக்குற லாங்போவா, நுனி வெளிப்பக்கமா வளைஞ்ச ரிகர்வான்னு ஒரு வாரமா தலைய பிச்சிக்கிறேன். ஃப்ரெண்டு ஒருத்தன் வேற "ஜிம்முக்குப் போறவன்தானே, 40 பவுண்டு எடு, 25 எல்லாம் சின்னப் பசங்களுக்கு"ங்கிறான். என் உயரம் 170 செ.மீ. சொல்லுங்க.

நாண்_தழும்பு:
அந்த ஃப்ரெண்டு பேச்ச கேக்காத ப்ரோ. நானும் இப்படித்தான் 45 பவுண்டு வாங்கினேன், முதல் பத்து அம்பு ராஜா மாதிரி இருந்துச்சு, அப்புறம் தோள் காதுகிட்ட ஏற ஆரம்பிச்சது, இடது கை ஆட ஆரம்பிச்சது, நாண் முன்கையில பளார்னு ஒண்ணு வச்சது பாரு, கத்திரிக்கா கலர்ல ஒரு வாரம் இருந்துச்சு. அதவிட மோசம் என்னன்னா, வெயிட்ட தாங்க முடியாம நாண் தாடைக்கு வர்றதுக்கு முன்னாடியே விடுற பழக்கம் வந்துடுச்சு. அத மறக்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுவும் 28 பவுண்டு வில்லுக்கு இறங்கின பிறகுதான்.

ஜிம் பலம் வேற, இது வேற. இதுல இழுக்கறது முதுகு, தோள்பட்டை எலும்புக்கு நடுவுல இருக்குற சதை. பெஞ்ச் ப்ரெஸ் போட்டவன் எல்லாம் இதுல நடுங்கி பாத்திருக்கேன். 25லேர்ந்து 30க்குள்ள எடு. சும்மா டார்கெட் அடிக்க அது தாராளம்.

இன்னொண்ணு, வில்லுல 30#@28னு எழுதியிருந்தா 28 இஞ்ச் இழுத்தாதான் 30 பவுண்டுன்னு அர்த்தம். ஒரு இஞ்ச் கம்மியா இழுத்தா ரெண்டு ரெண்டரை பவுண்டு குறையும், கூட இழுத்தா ஏறும். ரெண்டு கையையும் விரிச்சு விரல் நுனிலேர்ந்து விரல் நுனி வரைக்கும் அளந்து 2.5ஆல வகுத்துக்கோ, உன் இழுப்பு தோராயமா அதுதான்.

மரத்தூள்:
மரம் வேணும்ங்கிறீங்களே தம்பி, அதுலயே ரெண்டு ஜாதி இருக்கு, அத முதல்ல தெரிஞ்சிக்கோங்க. ஒரே கட்டையில செதுக்கினது செல்ஃப்போ. மெல்லிசான மரத் தகடுங்கள ஒட்டி, மேல கீழ ஃபைபர்கிளாஸ் போட்டது லேமினேட்டட். கடையில "ட்ரெடிஷனல்"னு தொங்குறதுல முக்கால்வாசி ரெண்டாவதுதான், அதுல குத்தம் ஒண்ணும் இல்ல.

செல்ஃப்போ அழகு, ஆனா அது குழந்த மாதிரி. முழுசா இழுத்துட்டு நின்னு நிதானமா குறி பாத்துக்கிட்டே இருந்தா உள்பக்கத்து நார் நசுங்கும், நாணை மாட்டியே வச்சிட்டு மறந்தா வில் அப்படியே வளைஞ்சு நின்னுடும், வேகம் போயிடும். மெதுவா கத்துக்கறவங்களுக்கு லேமினேட்டட்தான் நான் சொல்லுவேன். அதையும் வெயில்ல நிக்குற கார்ல போட்டு வைக்காதீங்க, பசை விட்டுடும்.

பழசு வாங்கினா கொஞ்சம் பஞ்சு எடுத்து லிம்ப் (கைப்பிடிக்கு மேலயும் கீழயும் வளையுற பாகம்) முழுக்க தடவுங்க. எங்கயாவது பஞ்சு சிக்குச்சுன்னா அங்க சிலாம்பு எழும்பியிருக்கு, விரிசல் ஆரம்பம். ஒரு கண்ண மூடிட்டு நாண் லிம்புக்கு நடுவுல ஓடுதான்னும் பாருங்க, ஒதுங்கி ஓடினா லிம்ப் முறுக்கிடுச்சுன்னு அர்த்தம். கால இடையில விட்டு வளைச்சு நாண் ஏத்துறதாலதான் பாதி வில்லு முறுக்கிக்குது, ஸ்ட்ரிங்கர்னு ஒரு கயிறு இருக்கு, அத வச்சு ஏத்துங்க. பழைய வில்லுக்கு கொஞ்சம் நீண்டு குடுக்குற டாக்ரான் நாண்தான். நீளவே நீளாத புது ரக நாண் போட்டா நுனிய அறுத்துடும்.

அப்புறம் அம்பு இல்லாம வெறும் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய சக்தி அத்தனையும் லிம்புக்கே திரும்பும். ராமர் ஒடிச்சா சீதை கிடைச்சா, நாம ஒடிச்சா வெறகுதான் கிடைக்கும்.

இறகுப்பய:
எல்லாரும் வில்லப் பத்தியே பேசுறீங்க, அம்ப யாரும் கண்டுக்கல. 30 பவுண்டு வில்லுக்கு 50 பவுண்டு வில்லோட அம்ப போட்டா விறைப்பு ஜாஸ்தி, வளையாது, வலது கைக்காரனுக்கு இடப்பக்கமா ஒதுங்கிக்கிட்டே போகும், நீ உன் கைய திட்டிட்டு இருப்ப. ஸ்பைன், அதாவது அம்போட விறைப்பு அளவு, பாத்து வாங்கு. வால்ல பிளாஸ்டிக் வேணாம், நிஜ இறகு போடு, வில்ல உரசிட்டுப் போறப்ப இறகு மடங்கிக் குடுக்கும், பிளாஸ்டிக் எகிறி அம்ப தள்ளிவிடும். ரொம்ப லேசான அம்பும் வேணாம், பவுண்டுக்கு 10 கிரெய்ன் (அம்பு எடைக்கு வைக்குற சின்ன அளவு) கணக்கு வச்சிக்கோ, 30 பவுண்டுக்கு 300 கிரெய்ன், மர வில்லு சந்தோஷமா இருக்கும்.

என் ஓட்டு மர ரைசர் (நடுவுல இருக்குற கைப்பிடிப் பாகம்) வச்ச டேக்டவுன் ரிகர்வுக்கு. லிம்ப் மட்டும் கழட்டி மாத்தலாம், இன்னைக்கு 25, அடுத்த வருஷம் 30.

குறிதவறி:
நன்றி நன்றி. அளந்தாச்சு, 67 இஞ்ச், அப்ப இழுப்பு 27கிட்ட வருது. ஒருத்தர் வச்சிருந்த 40ஐயும் கெஞ்சி வாங்கி இழுத்து பாத்தேன், மூணாவது தடவையே கை வெடவெடன்னுது, ஃப்ரெண்டு பக்கத்துல நின்னு சிரிக்கிறான். சரி 28ன்னு முடிவு பண்ணிட்டேன். டேக்டவுன் ஆர்டர் போடப் போறப்ப வலதா இடதான்னு கடைக்காரன் கேக்குறான். நான் வலது கைதான், இதுல என்ன கேள்வி?

நாண்_தழும்பு:
நில்லு நில்லு, ஆர்டர் போடாத. ரெண்டு கையையும் நீட்டி விரலால சின்ன ஓட்டை பண்ணி அது வழியா தூரத்துல ஒரு பொருள பாரு, ரெண்டு கண்ணும் தொறந்து. அப்புறம் ஒவ்வொரு கண்ணா மூடு. எந்தக் கண்ண மூடினா பொருள் காணாம போகுது?

குறிதவறி:
இடது!! நாலு தடவ பண்ணிட்டேன்.

நாண்_தழும்பு:
அப்ப உனக்கு இடது கண்ணுதான் ஆளுது. வலது கையால இழுத்தா அம்பு வலது கண்ணுக்குக் கீழ இருக்கும், பாக்குறது இடது கண்ணு. இடது கைக்கு மாறலாம், இல்ல இடது கண்ண மூடிட்டு அடிக்கலாம். ரைசர்ல அம்பு வைக்குற திட்டு ஒரு பக்கம்தான் வெட்டியிருக்கும், தப்பா வாங்கிட்டா மாத்தவே முடியாது.

மரத்தூள்:
அப்படின்னா தம்பி, திட்டே வெட்டாத லேமினேட்டட் லாங்போ எடுங்க, 66 இல்ல 68 இஞ்ச் நீளம், உங்க இழுப்புக்கு சரியா இருக்கும். அம்பு கைமுட்டி மேல உக்காரும், வலதும் அடிக்கலாம், இடதும் அடிக்கலாம். ரெண்டு மாசம் ரெண்டு கையிலயும் பழகிட்டு முடிவு பண்ணுங்க. ஒண்ணே ஒண்ணு, இறகோட முன்நுனி கைய கிழிக்கும், அந்த எடத்துல நூல சுத்தி பசை தடவிடுங்க, இல்லாட்டி க்ளவுஸ்.

இறகுப்பய:
சரி நான் தோத்தேன். ஆனா டார்கெட்டுக்குப் பின்னாடி என்ன இருக்கு, சுவரா பக்கத்து வீடா? அத சொல்லு முதல்ல.

குறிதவறி:
மண்மேடு அண்ணே. ஆள் உயரத்துக்கு மேல இருக்கு. லாங்போதான், 28, நாளைக்கு ஆர்டர்.