இரவு ஹயர் ஓடுகிறவரின் குறட்டை: ஒரே அறையில் எப்படிப் படுக்கிறீர்கள்?

கொக்குவில் தையல்காரி:

வணக்கம். குறட்டை விடுகிற ஆளோடு ஒரே கட்டிலில் படுக்கிறவர்கள் இங்கே இருந்தால் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். எனக்கு இது இப்போது பெரிய பிரச்சினையாகிவிட்டது.

என் கணவர் வாடகைக்கு வான் ஓடுகிறார். அநேகமாகக் கட்டுநாயக்கா ஹயர்தான். பின்னேரம் இங்கிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டால், வவுனியா, அனுராதபுரம், புத்தளம் என்று இரவு முழுக்க ஓடி விடியப்புறம் விமான நிலையத்தில் இறக்கவேண்டும். அங்கேயே வானுக்குள் கொஞ்சம் சரிந்துவிட்டுத் திரும்பி வருவார். நல்லூர்த் திருவிழா நேரம் வெளிநாட்டுக்காரர் வந்து போவதால் ஓய்வே கிடையாது. வீட்டுக்கு வந்து படுத்தால் தலை தலையணையில் படமுதலே குறட்டை தொடங்கிவிடும்.

எங்களுடையது பழைய ஓட்டு வீடு. அறை இரண்டுதான். நடுச்சுவர் கூரைவரை போகாது, மேலே இடைவெளி. இந்த அறையில் மூச்சு விட்டால் அந்த அறையில் கேட்கும். அங்கே மாமியும் மகளும் படுக்கிறார்கள். மகள் இந்த முறை உயர்தரப் பரீட்சை எடுக்கிறாள். அவள் படித்து முடித்துப் படுக்கிற நேரம்தான் இவருடைய சத்தம் உச்சத்தில் இருக்கும். நான் விடிய நாலரைக்கு எழும்பிச் சமைத்துவிட்டு மெஷினில் இருக்கிற ஆள். சட்டைத் துணி வெட்டும்போது கண் சொருகினால் மற்றவரின் துணி பழுதாகிவிடும்.

தோளைத் தட்டிச் சரித்துப் படுக்கவைப்பேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் மல்லாந்துவிடுவார். காதுக்குள் பஞ்சு வைத்துப் பார்த்தேன், ஒரு பிரயோசனமும் இல்லை. ஹோலில் பாய் போட்டுப் படுத்தால் மாமிக்குப் பிடிக்கவில்லை. "ஏன் பிள்ளை வெளியில படுக்கிறாய், சனம் என்ன கதைக்கும்" என்கிறார்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். சில நேரம் குறட்டை திடீரென்று நின்றுவிடும். மூச்சே கேட்காது. நான் எழும்பி உட்கார்ந்து நெஞ்சைப் பார்ப்பேன். பிறகு திணறினது போல ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி தொடங்குவார். சத்தத்தைவிட அந்த நேரம்தான் எனக்குப் பயம். இது எல்லாருக்கும் வருகிறதா? இவரிடம் சொன்னால், "நான் எங்க குறட்டை விடுறன்" என்று கேட்கிறார்.

பருத்தித்துறையான்:

தங்கச்சி, நானும் நல்லாய்க் குறட்டை விட்ட ஆள்தான். எனக்கு உதவினதைச் சொல்கிறேன்.

மல்லாந்து படுக்கும்போது நாக்கு பின்னுக்குச் சரிந்து தொண்டையை அடைக்கிறது. அதனால் சரிந்து படுக்கவைக்கவேண்டும். தட்டித் தட்டி நீங்கள் விழித்திருக்க ஏலாது. என் மனைவி ஒரு பழைய பெனியனின் முதுகுப்பக்கத்தில், தோள்பட்டைகளுக்கு நடுவில், ஒரு பை தைத்து அதற்குள் டெனிஸ் பந்து ஒன்றைப் போட்டுவிட்டார். மல்லாந்தால் பந்து குத்தும், நித்திரையிலேயே திரும்பிவிடுவேன். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. உங்களுக்குத் தையல் தெரியும், அரை மணித்தியாலத்து வேலை.

இரண்டு மூன்று தலையணையை அடுக்கி வைக்காதீர்கள். கழுத்து முன்னுக்கு மடிந்து மூச்சு இன்னும் இறுகும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே பலகைத் துண்டு வைத்து உயர்த்துவது நல்லது. மூக்கடைப்பு இருந்தால் அதற்கும் மருந்து பார்க்கவேண்டும். ஹயர் முடிந்து வந்த அலுப்பில் சாராயமோ கள்ளோ எடுக்கிற பழக்கம் இருந்தால் அதைக் கட்டாயம் விடச் சொல்லுங்கள். தொண்டைத் தசையைத் தளர்த்திவிடும். நான் அதை விட்ட பிறகுதான் வீட்டில் எல்லாரும் நித்திரை கொண்டார்கள்.

சாவகச்சேரி, ஓய்வுபெற்ற தாதி:

தங்கச்சி, தம்பி சொன்னவை நல்ல விஷயங்கள்தான். ஆனால் மூச்சு நின்று பிறகு திணறி இழுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட்டுவிட வேண்டாம். அது வெறும் குறட்டை இல்லை.

நித்திரையில் தொண்டைத் தசைகள் தளரும். வழி ஒடுங்கி, அண்ணமும் உள்நாக்கும் அதிர்ந்தால் அது குறட்டை. சிலருக்கு அந்த வழி ஒடுங்குவதோடு நிற்காமல் முழுக்க மூடிவிடும். காற்றுப் போகாது, இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கும். மூளை பதறி ஒரு கணம் எழுப்பிவிடும், அதுதான் அந்த இழுப்பு. படுத்திருக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது, அவர் நம்பாமல் இருப்பது அதனால்தான். 10 செக்கனோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதையும், மூச்சு குறைந்து ஒட்சிசன் இறங்குவதையும் டொக்டர்மார் கணக்கெடுப்பார்கள். மணித்தியாலத்துக்கு 5 தடவைக்குக் குறைவென்றால் சாதாரணம், 15க்கு மேல் என்றால் நடுத்தரம், 30க்கு மேல் போனால் கடுமை.

அப்படி இரவு முழுக்க உடைந்த நித்திரையோடு அவர் ஏ9 வீதியில் ஆட்களை ஏற்றி ஓடுகிறார். எனக்கு உங்கள் நித்திரையைவிட அதுதான் முதல் கவலை. இந்த வியாதி உள்ளவர்களுக்கு ஸ்டியரிங்கில் கண் சொருகும். பிரஷர் ஏறும், குளிசை போட்டாலும் இறங்க மறுக்கும். இருதயத்தையும் பாதிக்கும்.

இவற்றைப் பார்த்து எழுதுங்கள்: பகலில் தூங்கி விழுகிறாரா, விடிய எழும்பும்போது தலையிடியா, பிரஷர் இருக்கிறதா, வயது 50க்கு மேலா, உடம்பு பருமனா, கழுத்தளவு என்ன? ஆண்களுக்கு 17 அங்குலத்தைத் தாண்டினால் சந்தேகம் கூடும். நித்திரைக் குளிசை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், தொண்டை இன்னும் தளரும்.

மூச்சு நிற்கிற நேரத்தைப் போனில் பதிந்து வையுங்கள். பிறகு பக்கத்து ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் (ஓபிடி) காட்டி, காது மூக்குத் தொண்டைக் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள்.

அளவெட்டித் தம்பி:

அக்கா, இடையில் ஒரு விஷயம். எங்கள் பக்கம் நாதஸ்வரம், சங்கு ஊதுகிற ஆட்கள் கூட என்பதால் இதை விருப்பத்தோடு வாசித்தேன். 2025இல் இந்தியாவில் ஜெய்ப்பூரில் 30 பேரை வைத்து ஆறு மாதம் ஒரு ஆய்வு செய்திருக்கிறார்கள். ஒழுங்காகச் சங்கு ஊதிப் பழகினவர்களுக்கு மூச்சு நிற்பது குறைந்து, பகல் தூக்கமும் குறைந்திருக்கிறது. அதற்கு முதல் 2006இல் சுவிற்சர்லாந்தில், அவுஸ்திரேலிய ஆதிவாசிகளின் ஊதுகுழலான டிட்ஜெரிடூவை வைத்து இதேபோல ஒன்று செய்திருந்தார்கள். ஊதும்போது தொண்டைத் தசை பலப்படும் என்பதுதான் அவர்களின் எண்ணம். அண்ணருக்குச் செலவில்லாத பயிற்சி.

சாவகச்சேரி, ஓய்வுபெற்ற தாதி:

நல்ல தகவல், தம்பி. ஊதட்டும், பிழையில்லை. ஆனால் அவை சின்ன ஆய்வுகள், பலன் வரவும் மாதக்கணக்கு எடுக்கும். இவர் நாளைக்கே வான் ஓடுகிற ஆள். முதலில் டொக்டரிடம் காட்டட்டும், சங்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

திருநெல்வேலி அக்கா:

நான் நித்திரைப் பிரச்சினையை மட்டும் கதைக்கிறேன். பஞ்சு காதை மூடாது, பிள்ளை. பாமசியில் நுரை அடைப்பான் கேட்டு வாங்குங்கள். விரல்களுக்கு நடுவில் வைத்து ஒடுக்கமாக உருட்டி, மற்றக் கையால் காதின் மேல்பக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விடவேண்டும். அது விரிந்து இறுகும்வரை விரலால் அமத்திப் பிடியுங்கள். இப்படி வைக்காவிட்டால் அதுவும் பஞ்சு மாதிரித்தான். மகளுக்கும் ஒரு சோடி வாங்குங்கள். அவர் வருகிற நாளில் அவருக்கு அரை மணித்தியாலம் முதல் நீங்கள் படுத்துவிடுங்கள்.

ஹோலில் படுப்பதில் ஒரு வெட்கமும் இல்லை. நான் என் கணவரோடு ஒரே வீட்டில் வேறு வேறு அறையில்தான் படுக்கிறேன், எங்களுக்குள் ஒரு குறையும் வரவில்லை. மாமியிடம் "எனக்கு நித்திரை இல்லை" என்று சொன்னால் அவருக்கு அது மகனைக் குறை சொல்வது போலத்தான் கேட்கும். "அவருக்கு மூச்சு நிற்கிறது மாமி, வந்து பாருங்கோ" என்று கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கொக்குவில் தையல்காரி:

எல்லாருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி செய்தேன்.

கழுத்தளவு என் அளவுக் கொப்பியிலேயே இருக்கிறது. கடைசியாக இவருக்குச் சேட் தைத்தபோது பதினேழரை. அதற்கு முதல் பக்கங்களில் பதினாறும் இருக்கிறது, பதினாறரையும் இருக்கிறது. கொலரைப் பெருப்பித்துப் பெருப்பித்துத் தைத்தது நான்தான், ஆனால் அதற்கும் குறட்டைக்கும் தொடர்பு இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. வயது 51. பிரஷருக்குக் குளிசை போடுகிறார்.

மாமியை நடுச்சாமத்தில் எழுப்பிக் கூட்டிவந்தேன். கட்டில் விளிம்பில் இருந்து பார்த்தார். மூச்சு நின்றதும் என் கையை இறுக்கிப் பிடித்தார். இழுப்பு வந்த பிறகுதான் விட்டார். அடுத்த நாள் ஹோலில் பாயை அவரே விரித்து வைத்திருந்தார்.

பதிந்ததை இவருக்குப் போட்டுக் காட்டினேன். புட்டைப் பிசைந்துகொண்டு கேட்டவர் பிசைவதை நிறுத்திவிட்டார். பிறகு தானாகவே சொன்னார். முறிகண்டியில் நிறுத்திப் பிள்ளையாரைக் கும்பிட்டு, முகம் கழுவி, கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டுதான் ஓடுவாராம். அனுராதபுரம் தாண்டினால் அதுவும் உதவாதாம், புத்தளம் வீதியில் கண் இழுக்குமாம். இதை இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போதைக்கு இரவு ஹயர் என்றால் தன்னுடைய தம்பியையும் ஏற்றிக்கொண்டு போக ஒப்புக்கொண்டிருக்கிறார், இரண்டு பேரும் மாறி மாறி ஓடுவார்கள். காசு பிரிபடும், பரவாயில்லை. பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கடிதமும் எடுத்துவிட்டோம். அங்கே என்ன செய்வார்கள் என்று சொன்னால் இவருக்குப் பயம் தெளியும். ஒப்பரேஷன் என்று சொல்லிவிடுவார்களோ என்று யோசிக்கிறார்.

சாவகச்சேரி, ஓய்வுபெற்ற தாதி:

நல்ல வேலை செய்தீர்கள், தங்கச்சி.

முதலில் மூக்கு, தொண்டை, உள்நாக்கு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். தேவை என்றால் நித்திரைப் பரிசோதனைக்கு எழுதுவார்கள். விரலில் ஒட்சிசன் பார்க்கிற கிளிப், நெஞ்சைச் சுற்றிப் பட்டி, மூக்கில் சின்னக் குழாய், இவ்வளவையும் போட்டுக்கொண்டு நித்திரை கொள்வதுதான். ஊசி குத்த மாட்டார்கள், நோவும் இல்லை.

அநேகம் பேருக்கு ஒப்பரேஷன் தேவைப்படாது. எடையைக் குறைக்கச் சொல்வார்கள். கடுமையாக இருந்தால் சீபாப் என்ற மிஷின். முகமூடி வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தோடு அனுப்பித் தொண்டை மூடாமல் பிடித்துக்கொள்ளும். 1981இல் அவுஸ்திரேலியாவில் கொலின் சலிவன் என்ற டொக்டர் கொண்டுவந்தது, இன்றைக்கும் முதல் வைத்தியம் அதுதான். போட்ட இரவே குறட்டை நின்றவர்கள் இருக்கிறார்கள். மிஷின் விலை கூட, அதனால் சோதனை முடிவு வருமுன் யார் சொன்னாலும் வாங்கிவிடாதீர்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது போனில் பதிந்ததையும், பிரஷர்க் குளிசைப் பெட்டியையும், உங்கள் அளவுக் கொப்பியையும் கொண்டுபோங்கள். வான் ஓடுகிறார் என்பதை நீங்களே டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், ஆம்பிளைகள் அதை மறைப்பார்கள். கிளினிக்குக்கு முதல் நாள் இரவு ஹயர் எடுக்க விடாதீர்கள்.