உளவளத்துணையாளர் திருநீறு பூசலாமா?

கல்லடிக்காரி:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "மனிதநேய உளவளத்துணைக்கும் திருநீற்றுக்கும் சம்பந்தமில்லை. நெற்றியில் பூசிவிடுபவர் துணையாளரே அல்ல" என்கிறார். 2004 டிசம்பர் 26 சுனாமியில், மட்டக்களப்பு நாவலடியில் என் தம்பியைக் கடல் கொண்டுபோனது. முகாமுக்கு எங்கள் மனத்துயரைக் கேட்க வந்த உளவளத்துணையாளர் படிவம் நிரப்பினார். அம்மா வாய் திறக்கவில்லை. அம்மன் கோயில் பூசாரியான கட்டாடியார் வந்து திருநீறு பூசிவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றுதான் அம்மா அழுதார். இதற்கு மேல் என்ன மனிதநேயம்?

வாவிக்கரை:
எழுதியவன் நான்தான், அக்கா. இரண்டு வருட டிப்ளோமா முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மனிதநேய உளவளத்துணையை வளர்த்த அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ் 1957இல் கேட்டவை: துணையாளர் போலியின்றி இருத்தல், வந்தவரை நிபந்தனையின்றி ஏற்றல், அவர் உள்ளத்தை அவர் இடத்தில் நின்று உணர்தல். இதில் திருநீறு எங்கே? ஓட்டமாவடியிலிருந்து ஒரு முஸ்லிம் தாய் வந்தால் அவருக்கும் பூசுவீர்களா?

கல்லடிக்காரி:
என் அம்மாவுக்குப் பூசியதைச் சொன்னேன். ஓட்டமாவடிக்கு ஏன் ஓடுகிறீர்கள்? நிபந்தனையின்றி ஏற்றல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் திருநீற்றை விலக்கிவிட்டு அம்மாவை எப்படி ஏற்பீர்கள்?

வாவிக்கரை:
ஏற்பது வேறு, பூசுவது வேறு. அவர் பூசிக்கொண்டு வரட்டும், துணையாளர் பூசக்கூடாது. ரொஜர்ஸே இறையியல் படிக்கப் போய், அதை விட்டுவிட்டு உளவியலுக்கு வந்தவர்.

திருக்கோவில் மகள்:
யுத்த காலத்தில் காணாமற்போன மகனுக்காக என் பெரியம்மா கோயிலில் தெய்வ வாக்குக் கேட்கப் போனார். "உயிரோடு இருக்கிறான்" என்று சொல்லித் திருநீறு கொடுத்தார்கள். இன்றைக்கும் இரவில் அவனுக்கென்று சோறு மூடி வைக்கிறார். அந்தத் திருநீறு அவரை ஆற்றவில்லை.

கல்லடிக்காரி:
அது வாக்கின் பிழை, தங்கச்சி. திருநீற்றின் பிழை அல்ல. எங்கள் கட்டாடியார் ஒரு வார்த்தை பேசவில்லை.

காரைதீவான்:
சுவாமி விபுலாநந்தரைத் தந்த எங்கள் அம்பாறை மாவட்டத்தில் துறவியும் ஆசிரியரும் ஒருவராகவே இருந்தார். உங்களுக்கு ஏன் இந்தப் பிரிவினை?

வாவிக்கரை:
சுவாமி பிறந்த 1892இல் அம்பாறை மாவட்டமே இல்லை, 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. சுவாமியின் சமாதி இருப்பதும் மட்டக்களப்புக் கல்லடியில்.

காரைதீவான்:
சமாதியைக் காட்டிப் பிறந்த ஊரைப் பறிக்காதீர்கள். போன வருடம் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு பற்றி எழுதியபோதும் எங்கள் ஊரை விட்டுவிட்டீர்கள். நான் மறக்கவில்லை.

கல்லடிக்காரி:
ஊர்ச் சண்டையைப் பிறகு பிடியுங்கள். டிப்ளோமா முகாமுக்கு வந்தவரிடமும் இருந்தது, தம்பி. அவர் அம்மாவின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கூடார இலக்கத்தை எழுதிக்கொண்டு போனார்.

வாவிக்கரை:
ஒருவர் செய்த பிழைக்கு ஒரு துறையையே குற்றம் சொல்வீர்களா? துணையாளர் பூசக்கூடாது. இதுதான் என் கடைசி வார்த்தை.

கல்லடிக்காரி:
நேற்றும் இதையே கடைசி வார்த்தை என்றீர்கள். நாளை வெள்ளிக்கிழமை, அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போக வேண்டும், வந்து எழுதுகிறேன். அதற்குள் இதற்குப் பதில் சொல்லுங்கள்: அம்மா உங்கள் முன்னால் உட்கார்ந்து நெற்றியை நீட்டினால், உங்கள் கை என்ன செய்யும்?