பொருளாதாரம் பேசுவதற்குத் தகுதி எது?

மாங்குளத்தான்:
கடந்த ஞாயிறு எங்கள் சனசமூக நிலையத்தில், இளைப்பாறிய தமிழ் ஆசிரியர் ஒருவர் சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளையும் பொருட்கள், சேவைகள்மீது அறவிடும் 18 சதவீத வற் (பெறுமதி சேர்) வரியையும் பற்றி நீண்ட உரை நிகழ்த்தினார். என் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் என்பதால் அவர்மீது எனக்கு மிகுந்த மதிப்புண்டு. ஆனால் பொருளியலை முறையாகக் கற்காதவர் இவற்றை முடிந்த முடிவாகப் பேசும்போது, கேட்பவர்கள் அதை நம்பியே தங்கள் பணத்தைப் பற்றித் தீர்மானிக்கிறார்கள். 2023 ஜூனில், அரசு உள்நாட்டில் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கும் விதத்தை மாற்றும் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வரப்போகிறது என்ற செய்தி பரவியபோது, வைப்புப் பணத்தில் கைவைக்கப் போகிறார்கள் என்று அரைகுறையாக அறிந்தவர்கள் சொன்னதை நம்பி, எங்கள் ஒழுங்கையில் கணவரை இழந்த சகோதரி ஒருவர் நிலையான வைப்பை இடையில் முறித்து வட்டியை இழந்தார். பின்னர் வங்கிகளை ஐந்து நாட்கள் மூடித் திட்டத்தை நிறைவேற்றியபோது வைப்புகள் தொடப்படவில்லை. சுமை, தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியின்மீது விழுந்தது. அந்த வேறுபாட்டை அவருக்கு விளக்கிச் சொல்ல அன்று ஊரில் ஒருவரும் இருக்கவில்லை.

கிளிநொச்சிக் கமக்காரி:
ஐயா, அந்தச் சகோதரியின் இழப்பை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் பட்டம் எங்களைக் காக்கும் என்ற நம்பிக்கையை இந்த நாட்டின் அனுபவம் தாங்கவில்லை. 2019 டிசம்பர் முதல் 2021 செப்டெம்பர் வரை இலங்கை மத்திய வங்கியின் ஆளுநராக இருந்த டபிள்யூ. டி. லக்ஷ்மன் பொருளியல் பேராசிரியர். பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பானவர்கள் என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 14ஆம் திகதி பெரும்பான்மைத் தீர்ப்பில் குறிப்பிட்டவர்களுள் அவரும் ஒருவர். அந்த வழக்கைத் தொடுத்தவர்களுள் ஒருவரான ஜூலியன் பொலிங் ஒரு நீச்சல் வீரர். அவர் எந்தப் பட்டத்தைக் காட்டி நீதிமன்றப் படியேறினார்? 2021இல் இரசாயனப் பசளையைத் தடைசெய்தபோது, அடுத்த காலபோகத்தில் மட்டம் வெடித்துப் பக்கத் தூர்கள் விட வேண்டிய பருவத்தில் எங்கள் நெற்பயிர் மஞ்சளித்து நின்றது. விளைச்சல் என்ன ஆகும் என்பது வரம்பில் நின்ற எவருக்கும் தெரிந்திருந்தது.

மாங்குளத்தான்:
பசளைத் தடை என் பக்கத்துக்கே சாட்சி சொல்கிறது, தங்கச்சி. பேராதனைப் பல்கலைக்கழக விவசாய அறிஞர்கள் முன்கூட்டியே எச்சரித்தார்கள். அவர்களுடைய படிப்பை ஒதுக்கித் தள்ளியவர்களே அந்த முடிவை எடுத்தார்கள். நீச்சல் வீரரும் வட்டிவீதத்தைத் தீர்மானிக்கப் போகவில்லை. ஆவணங்களை முன்வைத்து, பொறுப்பானவர்கள் யார் என்று ஒரு குடிமகனாகக் கேட்டார். கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. தீர்ப்புச் சொல்வது வேறு.

புதுக்குடியிருப்பு மாணவன்:
நான் பொருளியல் படிக்கிறேன். இருவரிடமும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நுண்கடனைப் பற்றி எனக்கு முதலில் கற்பித்தவர், கிழமைதோறும் தவணை கட்டிய என் பெரியம்மா. ஒரு இலட்சம் ரூபா கடனுக்கு 20 சதவீத வட்டி என்று சொல்லி, 52 கிழமைகளில் ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபா அறவிட்டார்கள். முதல் தொகையில் பாதியைக் கட்டி முடித்த பிறகும் முழுத் தொகைக்கும் வட்டி கேட்பது எப்படி நியாயமாகும் என்று அவர் கேட்டார். குறைந்துசெல்லும் மீதியை வைத்துக் கணக்கிட்டால் அந்த வட்டி ஆண்டுக்கு 35 சதவீதத்தைத் தாண்டும் என்பதைப் பல்கலைக்கழகத்தில்தான் கணித்துப் பார்த்தேன். ஆனால் எங்கே பிழை இருக்கிறது என்று அவர் ஏற்கெனவே விரல் வைத்துவிட்டார். வறட்சி மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு 2018இல் அறிவித்ததற்கு முன்னால், வன்னியின் எத்தனையோ முற்றங்களில் இந்தக் கேள்வி எழுந்துகொண்டிருந்தது.

கிளிநொச்சிக் கமக்காரி:
தம்பி சொன்னது பொருளாதாரம் இல்லையென்றால் வேறென்ன? மாங்குளத்து ஐயாவிடம் நேரடியாகக் கேட்கிறேன். ஆசிரியருக்குப் பட்டம் இல்லை என்று சொன்னீர்கள். அவர் சொன்னதில் எது பிழை என்று இதுவரை சொல்லவில்லை. வற் வரி ஏழைக் குடும்பத்தின் வருமானத்தில் பெரிய பங்கைத் தின்கிறது என்றார். அது பிழையா?

மாங்குளத்தான்:
அது பிழையில்லை. அந்த வரி ஏறியதற்கு நாணய நிதியம் மட்டுமே காரணம் என்று அவர் சொன்னதுதான் பிழை. 2019 டிசம்பரில் அதே வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். 2021 அளவில் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 9 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. அந்தப் பள்ளத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்று கூடியிருந்தவர்கள் பாதிக் கதையோடு வீடு திரும்பினார்கள். அடுத்த கூட்டத்தில் இதை அவரிடம் கேட்பேன். அதே மேடையில் நின்று அவர் பதில் சொல்ல வேண்டும்.